இரட்டை மரபணு சோயா விதை: அசுவினியை எவ்வளவு தாங்குகிறது?

கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட, செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான சோயா அசுவினி, அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு விஸ்கான்சினில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதுவரை அங்குள்ள நடுமேற்கு மாநிலங்களின் சோயா விவசாயிகள் பூச்சிமருந்து தெளிப்பதே அரிது. அசுவினி பரவிய சில ஆண்டுகளிலேயே, கடுமையாகத் தாக்கப்பட்ட வயல்களில் 40 சதவீதம் வரை மகசூல் பறிபோனது. மருந்துக்கு மாற்றாக, செடிக்குள்ளேயே எதிர்ப்புத் திறன் கொண்ட விதைகள் பின்னர் வந்தன. அவற்றுள் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஐஏ3027ஆர்ஏ12 வகையை முன்வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பெயரின் இறுதியில் உள்ள 12 என்னும் எண், அசுவினி எதிர்ப்பைத் தரும் ராக்1, ராக்2 ஆகிய இரு மரபணுக்களும் இதில் சேர்ந்திருப்பதைக் குறிக்கிறது. டௌலிங் என்னும் பழைய ரகத்தில் ராக்1 இருப்பதை இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ராக்2 விதை வங்கிச் சேகரிப்புகளிலிருந்து கிடைத்தது. இரண்டும் சோயாவுக்கே உரிய மரபணுக்கள். வழக்கமான கலப்பினச் சேர்க்கையால் கொண்டுவரப்பட்டவை. ஆகவே, மரபணு மாற்றப்பட்ட விதையைத் தொடக் கூடாத இயற்கை விவசாயிகளும் எதிர்ப்பு மரபணுவைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இந்த விதையின் மிகப்பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்.

வயலில் இதன் வேலையைக் காண ஆகஸ்டு மாதம் ஏற்றது. எதிர்ப்பு இல்லாத செடியின் இளந்தளிரைத் திருப்பினால், வெளிர்மஞ்சள் நிறத்தில் அசுவினிகள் நரம்போரம் அடை அடையாக அப்பியிருக்கும். கீழ் இலைகளில் அவற்றின் தேன்கழிவு பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்திருக்கும். பக்கத்து வரிசையில் உள்ள இரட்டை மரபணுச் செடியிலும் அசுவினி உண்டு. ஆனால் தேடித்தான் காண வேண்டும். இந்தச் செடியில் உண்ணும் அசுவினியின் ஆயுள் குறைகிறது, ஈனும் குஞ்சுகளும் குறைகின்றன. எதிர்ப்பு ரகம் என்றால் அசுவினியே இல்லாத ரகம் என்று எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாற்றமடைவார்கள்.

மருந்து தெளிப்பதற்கான வரம்பு, செடிக்குச் சராசரியாக 250 அசுவினிகள். எண்ணிக்கை ஏறுமுகமாக இருந்து, 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட செடிகளில் தாக்குதல் தென்பட்டால் மட்டுமே தெளிக்க வேண்டும். உண்மையான பண இழப்பு செடிக்கு ஏறக்குறைய 674 அசுவினிகள் என்ற அளவில்தான் தொடங்குகிறது. எண்ணிக்கை 250-லிருந்து அந்த அளவை எட்ட ஆகும் ஏறக்குறைய ஒரு வாரம் விவசாயிக்குக் கிடைக்கும் அவகாசம். ராக்1 மட்டும் கொண்ட விதை, அசுவினி மிகுந்த ஆண்டுகளில் இந்த வரம்பைத் தாண்டிவிடுவதுண்டு. இரண்டும் சேர்ந்த விதையோ பெரும்பாலான சூழல்களில் வரம்புக்கு வெகு கீழேயே அசுவினியை நிறுத்திவைக்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க என்னால் முடியாது.

நிலைத்த பயன் குறித்த கேள்வி இன்னும் முக்கியமானது. ஒஹாயோவில் ராக்1-ஐ வெல்லும் அசுவினி வகையும், இண்டியானாவில் ராக்2-ஐ வெல்லும் வகையும், விஸ்கான்சினில் இரண்டையுமே வெல்லும் வகையும் கண்டறியப்பட்டுள்ளன. எல்லா விவசாயிகளும் இதே விதையை ஆண்டுதோறும் விதைத்தால், அந்த வகைகளே பெருகும். ஆயினும் ஆய்வுகளில் வெளிப்பட்ட ஒரு செய்தி நம்பிக்கை தருகிறது. எதிர்ப்பை வெல்லும் அசுவினி ஒரு செடியில் உண்ணத் தொடங்கியதும், அந்தச் செடி மற்ற அசுவினிகளுக்கும் ஏற்றதாகிவிடுகிறது. மேலோட்டமாக இது குறையாகத் தோன்றினாலும், வெல்ல முடியாத அசுவினிகளும் அழியாமல் தங்குவதால் வெல்லும் வகையின் ஆதிக்கம் மெதுவாகவே வளரும். எதிர்ப்பற்ற விதையைச் சிறு பங்கு கலந்து விதைக்கும் முறையையும் ஆய்வாளர்கள் இதே நோக்கத்தோடு பரிசீலித்திருக்கிறார்கள்.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது, இத்தகைய விதை கிடைப்பதிலுள்ள சிரமத்தையே. இரட்டை மரபணு ரகங்கள் மிகச் சில; களைக்கொல்லி தாங்கும் பண்பையும் தம் பகுதிக்கேற்ற முதிர்ச்சிக் காலத்தையும் சேர்த்துத் தேடுவோருக்குத் தேர்வு மேலும் சுருங்கிவிடுகிறது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து மலிவாகக் கிடைத்ததால் விதைச் சந்தை இதில் அக்கறை காட்டவில்லை என்பது என் கணிப்பு. ஆனால் 2015ஆம் ஆண்டு முதல் மின்னசோட்டாவிலும் அதைச் சுற்றிய மாநிலங்களிலும் அந்த மருந்துக்கே அசுவினி கட்டுப்படாத வயல்கள் தென்பட்டுள்ளன. மலிவான வழி கைவிடத் தொடங்கிய பிறகும் நல்ல விதையை ஓரத்தில் வைத்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அசுவினி ஆண்டுதோறும் வரும் வடக்குப் பகுதிகளில் இயற்கை முறையில் பயிரிடுவோருக்கு இரட்டை மரபணு விதையை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். அசுவினி எப்போதாவது தலைகாட்டும் தெற்குப் பகுதிகளில், மகசூலையும் நோய் எதிர்ப்பையும் முதலில் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி. வாங்குமுன், பையில் அசுவினி எதிர்ப்பு என்று போட்டிருப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ராக்1 மட்டுமா, ராக்2-உம் சேர்ந்துள்ளதா என்று விற்பவரிடம் கேட்டறிய வேண்டும். விதைத்த பின்னும் பூப்பருவம் முதல் காய் முற்றும் வரை வாரம் ஒருமுறை வயலில் இறங்கி எண்ணிப் பார்க்க வேண்டும்.