செயின் பப் சாப்பாடு: மெனு ஒன்றுதான், தட்டுதான் வேறு வேறு

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வரும் ஃபிஷ் அண்ட் சிப்ஸும், வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்கு வரும் ஃபிஷ் அண்ட் சிப்ஸும் மெனுவில் ஒரே வரிதான். மீன் வந்த பெட்டியும் ஒன்றே. ஆனால் முதலாவது மொறுமொறுவென்று இருக்கும். இரண்டாவது பல சமயம் நனைந்த அட்டை போல இருக்கும். ஒரே நிறுவனம் ஊர் ஊராகக் கிளை வைத்து நடத்தும் பிரிட்டனின் செயின் பப்களில் சாப்பாட்டைத் தீர்மானிப்பது சமையல்காரரின் கைப்பக்குவத்தைவிட மூன்று விஷயங்கள்: எந்த அடுப்பு, எந்த நேரம், அன்றைக்குக் கிச்சனில் எத்தனை பேர். இது தெரிந்து ஆர்டர் செய்கிறவர் ஏமாறுவது குறைவு.

செயின் பப் என்றால் எல்லாம் ஒரு மாதிரி இல்லை. டோபி கார்வரி ரோஸ்ட் இறைச்சிக்கானது. ஹார்வெஸ்டர் குடும்பத்தோடு கிரில் சாப்பிடப் போகிற இடம். இரண்டும் மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் நிறுவனத்துடையவை. ஹங்ரி ஹார்ஸ், கிரீன் கிங் நிறுவனத்தின் மலிவு வரிசை. எல்லோருக்கும் தெரிந்த பெயர் வெதர்ஸ்பூன்தான், ஊர் வழக்கில் ‘ஸ்பூன்ஸ்’. டிம் மார்ட்டின் 1979-ல் வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில்லில் தொடங்கியது. பழைய சினிமா கொட்டகை, வங்கி, தபால் நிலையம் என்று எதையாவது பிடித்துப் பப்பாக்கிவிடுவார்கள். டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஓர் ஓபரா அரங்கே பப்பாக இருக்கிறது. பெரும்பாலான கிளைகளில் பாட்டு ஓடாது, பேசினால் காதில் விழும். தரைக்கம்பளம் கிளைக்குக் கிளை வேறு வடிவம். காலையில் காபி ஒரு தடவை வாங்கினால் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம் என்பது வேலை தேடுகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரிய வரம். ஆனால் விலை ஊருக்கு ஊர் மாறும். ரயில் நிலையம், விமான நிலையக் கிளைகளில் அதே தட்டு கணிசமாகக் கூடுதல். பக்கத்து ஊர் விலையை மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது.

ஆர்டர் விஷயத்தில் நம் ஆட்கள் முதலில் தடுமாறுவது, மேசையில் உட்கார்ந்து காத்திருப்பதில். பெரும்பாலான இடங்களில் யாரும் வர மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், சொல்லி, காசு கொடுத்துவிட்டு வர வேண்டும். கவுண்டரில் கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்று உண்டு. முன்னால் வந்தவரை ஊழியர் நினைவில் வைத்திருப்பார். நோட்டை ஆட்டுவதும், ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று கூப்பிடுவதும் உங்களைப் பின்னுக்குத்தான் தள்ளும். அடுத்த ஆள் நீங்கள் இல்லையென்றால் ‘இவர்தான் முன்னால்’ என்று காட்டிவிடுங்கள். இந்தப் பெருந்தன்மை அடுத்த நிமிடமே திரும்பி வரும்.

ஆப்பில் ஆர்டர் செய்தால் எழுந்திருக்க வேண்டாம். ஆனால் தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. ஒரே தெருவில் இரண்டு கிளைகள் இருந்தால் ஆப் மற்றதைப் பிடித்துவிடலாம். காசு கட்டுவதற்கு முன் கிளைப் பெயரைப் பாருங்கள். நடுவில் மேசை மாறினால் உடனே கவுண்டரில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பர்கர் 42-ஆம் மேசைக்காரரிடம் போய்ச் சேரும், அவரும் மறுக்க மாட்டார். முக்கியமானது இது: ஒரே ஆர்டரில் முதல் தட்டு, பிரதான உணவு, இனிப்பு மூன்றையும் போட்டால் மூன்றும் ஒன்றாக வந்து நிற்க வாய்ப்பு அதிகம். ஆறிப்போன ஃபட்ஜ் கேக்கும் உருகிய ஐஸ்கிரீமும் பிரதானத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். இனிப்பைச் சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் தனியாகப் போடுங்கள்.

ஐந்து பேர் போனால் ஐந்து தட்டும் ஒன்றாக வராததற்குக் காரணமும் கிச்சனின் அமைப்புதான். ஆர்டர் சீட்டு ஒன்று, ஆனால் சாலட் ஒரு பக்கம், எண்ணெய்ச் சட்டி ஒரு பக்கம், கிரில் ஒரு பக்கம், மைக்ரோவேவ் ஒரு பக்கம். எது முதலில் முடிகிறதோ அது கிளம்பிவிடும். நன்றாக நடக்கும் கிளையில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து அனுப்புவார். அந்த ஆள் இல்லாத நாளில் ‘கறி’ (curry) என்னும் குழம்புத் தட்டைக் கேட்டவர் சாப்பிட்டு முடிக்கையில் ஸ்டேக்காரருக்கு வரும். ஒன்றாகச் சாப்பிட வேண்டுமென்றால் ஒரே மேசையில் எல்லோரும் ஒரே வகை அடுப்புச் சாமான்களாகக் கேட்பது நல்ல தந்திரம்.

இனி தட்டுகள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மெனுவில் பாதி அதற்குள்தான் விழுகிறது: சிப்ஸ், மீன், சிக்கன் விங்ஸ், ஆனியன் ரிங்ஸ், ஹாஷ் பிரவுன். எண்ணெய் ஏறக்குறைய 175 முதல் 180 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்த சிப்ஸைக் கூடை நிறையக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கும், மேல்தோல் மூடிக்கொள்வதற்குள் எண்ணெய் உள்ளே போய்விடும். கூட்ட நேரத்தில் கூடை நிறைவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, வரிசையாக நிற்கும் சீட்டுகள். பிறகு வெந்ததை விளக்குச் சூட்டில் வைத்தால், ஐந்தாறு நிமிடத்தில் சிப்ஸின் நீராவியே அதன் மொறுமொறுப்பைத் தின்றுவிடும். மீனைச் சிப்ஸின் மேல் கிடத்தினால் அடிப்பக்கத்து மாவு ஊறிப்போகும். தட்டு வந்ததும் மீனைத் திருப்பிப் பாருங்கள்: மேலே மொறுப்பு, கீழே ஊறல் என்றால் வைத்த இடத்தின் தவறு, இரண்டு பக்கமும் எண்ணெய் வடிந்தால் சட்டியின் சூடு தவறு, கருத்து, கசந்து, பழைய எண்ணெய் வாடை அடித்தால் எண்ணெய் மாற்றவில்லை. மூன்றாவது மட்டுமே திருப்பி அனுப்பியும் சரியாகாது. அன்று சட்டி பக்கமே போக வேண்டாம்.

மைக்ரோவேவ் என்றதும் முகம் சுளிப்பது நியாயமில்லை. கறி, சில்லி கான் கார்னே, லசானியா எல்லாம் நிறுவனத்துக்கு வெளியே மொத்தமாகச் சமைத்துப் பையிலோ தட்டிலோ வருபவை. குழம்பு வகைக்குத் திரும்பச் சூடாக்குவதால் கெடுதல் இல்லை. நம் வீட்டு மீன்குழம்பே மறுநாள்தான் ருசி. கெடுவது அவசரத்தில்: ஓரம் கொதிக்கும், நடு வெதுவெதுப்பாக இருக்கும். நடுவில் 75 டிகிரி எட்டியிருக்க வேண்டும். லசானியாவின் நடுவில் கரண்டியை விட்டுப் பாருங்கள், ஆறியிருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். இது ருசிப் பிரச்சினை இல்லை, வயிற்றுப் பிரச்சினை. கறியைப் பொறுத்தவரை, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டால் போதும். டிக்கா மசாலா இனிக்கும், கோர்மா இன்னும் இனிக்கும். காரம் தேடுகிறவர்களுக்கு ஜால்ஃப்ரெசி ஓரளவு பரவாயில்லை. நான் ரொட்டியும் அப்பளமும் சேர்ந்து வரும் அந்தத் தட்டு பிரிட்டிஷ் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிட்டால் வருத்தமில்லை.

கிரில்லில் பர்கர்தான் நம்பகமானது. தடிமன் ஒன்று, நேரம் ஒன்று, பழகிய கை. உள்ளே சிவப்பாகக் கேட்டால் கிடைக்காது, முழுக்க வெந்துதான் வரும். ஸ்டேக் ஆபத்தான இடம். எட்டு அவுன்ஸ் என்பது 227 கிராம், அதுவும் வேகும் முன் எடை. வெந்த பிறகு ஏறக்குறைய கால்பங்கு குறையும், அதற்காகச் சண்டை போட முடியாது. மெல்லிய துண்டில் ‘மீடியம் ரேர்’ (உள்ளே லேசாகச் சிவப்பு) என்பது சில நொடி வித்தியாசம். கூட்டத்தில் அந்த நொடிகளைப் பார்க்க யாருமில்லை. குழம்பை மாவால் மூடிச் சுடும் ‘பை’ (pie) வகையில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: மாவு நாலாபுறமுமா, மேலே மூடி மட்டுமா? கிண்ணத்துக் குழம்பின் மேல் ஒரு மாவு வட்டத்தை வைத்துவிட்டு ‘பை’ என்பது பல வாடிக்கையாளர்களின் நெடுநாள் ஆத்திரம்.

ஞாயிறு ரோஸ்ட்டில் நேரமே எல்லாம். சூடாக வைத்திருக்கும் உணவு 63 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சூட்டில் இறைச்சி மணிக்கணக்கில் இருந்தால் சாம்பல் நிறத்துக்குப் போய், நார் நாராகும். பன்னிரண்டு மணிக்குப் போகிறவர் சாப்பிடுவதும் நாலு மணிக்குப் போகிறவர் சாப்பிடுவதும் வேறு வேறு. யார்க்‌ஷயர் புட்டிங் ஏற்கெனவே செய்து வந்ததைச் சூடுபடுத்துவதுதான்; மொறுப்பாக இருந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். கார்வரியில் இறைச்சி வெட்டுகிறவரிடம் ஓரத்துத் துண்டையோ நடுத்துண்டையோ கேட்டு வாங்கலாம், தவறில்லை.

காசுக்கு மதிப்பு என்று பார்த்தால் காலை உணவை வெல்ல எதுவும் இல்லை. முட்டை பெரும்பாலும் அப்போதே உடைத்துப் பொரிப்பது. பீன்ஸில் தவறு செய்ய இடமே இல்லை. டோஸ்ட் ஆறிப்போவதுதான் வழக்கமான குறை.

சைவர்களுக்கும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் சில எச்சரிக்கைகள். சிப்ஸ் சைவம்தான், ஆனால் மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம், கேளுங்கள். கிரேவி என்று வருவது காய்கறித் தட்டோடு வந்தாலும் மாட்டிறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. காஸ்க் ஏல் என்னும் பீப்பாய் பீர்களில் பெரும்பாலானவற்றைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ‘ஐசிங்கிளாஸ்’ பயன்படுத்தும் வழக்கம் உண்டு. ஹலால் என்று எழுதியிருந்தால் தவிர ஹலால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வாமை இருந்தால் சட்டப்படி 14 பொருள்களுக்கான தகவலை அவர்கள் தர வேண்டும். ஆப்பில் பார்த்ததோடு நிற்காமல் ஊழியரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2022 ஏப்ரல் முதல் மெனுவில் கலோரியும் போட வேண்டும். சில தட்டுகளின் எண்ணைப் பார்த்தால் பசியே போய்விடும்.

பீர் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்தது: ‘எது அதிகம் விற்கிறது?’ கைப்பிடியால் இழுத்து ஊற்றும் காஸ்க் ஏல் பீப்பாய்க்குள் இன்னும் உயிரோடு இருப்பது. திறந்த பிறகு காற்று உள்ளே போகும். மூன்று நாள்தான் அதன் நல்ல காலம். ஒன்பது காலன் பீப்பாயில் 72 பைன்ட், அதாவது 72 பெரிய கிளாஸ்; அத்தனையும் அந்த மூன்று நாளில் விற்றாக வேண்டும். பத்துக் கைப்பிடிகளை வரிசையாக வைத்திருக்கும் கிளையில் மூலையில் இருப்பது நாலாவது நாளைத் தொட்டிருக்கலாம். வினிகர் போலப் புளித்தால் பீப்பாய் முடிந்த கதை, கலங்கலாக வந்தால் அடிவண்டலைத் தொட்டுவிட்டார்கள், அல்லது இன்னும் தெளியவில்லை, அல்லது அது கலங்கலாகவே இருக்க வேண்டிய வகை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரிமாறும் சூடு 11 முதல் 13 டிகிரி வரை. ‘ஜில்லென்று இல்லை’ என்பது குறை ஆகாது. ஒரு வாய் குடித்ததும் கொண்டுபோனால் பேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸை முடித்துவிட்டுப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு பைன்ட் என்பது 568 மில்லி லிட்டர். நுரை அடங்கிய பிறகு குறைந்தது 95 சதவீதமாவது பீர் இருக்க வேண்டும் என்பது தொழில்துறையின் வழிகாட்டுதல். குறைந்தால் ‘டாப் அப், பிளீஸ்’ என்றால் போதும், சிரித்துக்கொண்டே ஊற்றுவார்கள். இங்கிலாந்தின் வடக்கே குழாய் முனையில் சிறு வடிகட்டி மாட்டிக் கெட்டி நுரையோடு ஊற்றுவார்கள், தெற்கே தட்டையாக. இரண்டில் எது சரி என்று பப்பில் கேட்டால் அன்றிரவு வீடு திரும்ப முடியாது. ஒயின் 125 மில்லி அளவிலும் கிடைக்க வேண்டும், அவர்களாகப் பெரிய கிளாஸை நீட்டினால் சொல்லிக் கேளுங்கள். மதுபான உரிமம் உள்ள இடத்தில் குழாய்த் தண்ணீர் இலவசம். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள்; பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் இரண்டில் ஒன்று கையில் இருக்கட்டும். குழந்தைகளோடு போனால் எத்தனை மணிவரை அனுமதி என்று வாசலிலேயே விசாரியுங்கள், கிளைக்குக் கிளை மாறும்.

புகார் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. இரண்டு வாய்க்குள் சொல்ல வேண்டும். தட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். எது வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ‘மாற்றித் தாருங்கள்’ அல்லது ‘இதை மட்டும் கழித்துவிடுங்கள்’. ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் சொன்னால் மன்னிப்பு மட்டும் கிடைக்கும். கவுண்டரில் நிற்கும் பையனுக்குக் காசைத் திருப்பும் அதிகாரம் பல இடங்களில் இருக்காது, பணி மேலாளரைக் கேளுங்கள். ஆப்பில் கட்டியிருந்தால் ஆர்டர் எண்ணைக் காட்டுங்கள். பணம் அட்டைக்குத் திரும்பச் சில வேலை நாட்கள் ஆகும். நாற்பது நிமிடம் தாண்டியும் தட்டு வரவில்லையென்றால் ஒருமுறை போய்க் கேட்பது நாகரிகக் குறைவு இல்லை. சீட்டு தொலைந்திருக்கும், நீங்கள் கேட்கும்வரை அது யாருக்கும் தெரியாது.

கடைசியாகக் கழிவறை. பெரிய பழைய கட்டடங்களில் அது மாடியிலோ நிலவறையிலோ, நீண்ட நடைபாதை தாண்டி இருக்கும். வெதர்ஸ்பூன் விஷயத்தில் இது ஊரறிந்த கேலி. முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் தரைத்தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை இருக்கிறதா, அதற்குச் சாவி கவுண்டரில் வாங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து மேசையாகப் பிடியுங்கள்.