சைக்கிள் பாதைக்குப் பணம்: அட்லாண்டா வழியா, இண்டியானாபொலிஸ் வழியா?

அமெரிக்காவில் அட்லாண்டா பெல்ட்லைன் என்ற நடை, சைக்கிள் பாதை, பழைய ரயில் தடங்களின் மேல் 22 மைல் வளையமாக வளர்கிறது. பணத்துக்கு 2005-இல் ஒரு வழி கண்டார்கள்: பாதையை ஒட்டிய நிலங்களின் மதிப்பு ஏற ஏற, கூடுதலாக வரும் சொத்துவரி பாதைக்கே போகும். ஆனால் நில மதிப்போடு வாடகையும் ஏறியது. காலங்காலமாக அங்கே குடியிருந்தவர்கள் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை.

அதே நாட்டின் இண்டியானாபொலிஸ் நகரில் உள்ள கல்ச்சுரல் டிரெயில் என்ற பாதை, 2013-இல் முடிந்தபோது 8 மைல்தான். நன்கொடையும் மத்திய அரசின் போக்குவரத்து நிதியும் கொண்டு கட்டினார்கள். க்ளிக் தம்பதி மட்டுமே 1.5 கோடி டாலர் தந்தார்கள். கார் ஓடிய தெருவிலிருந்தே இடம் எடுத்து, ஓரங்களில் மழைநீரை உறிஞ்சும் செடிப்பாத்திகள் அமைத்தார்கள். கடை, அலுவலக வாசல் வரை சைக்கிளில் போகலாம்; அழகான வேலை.

அப்படிப்பட்ட கொடையாளர் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. அதனால் நான் அட்லாண்டா வழியைத்தான் சொல்வேன், ஆனால் குறைந்த வாடகை வீடுகளுக்கான நிலத்தை விலை ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும்.