பிக்காசாவிலிருந்து டிஜிகேமுக்கு: அப்பா எழுதிய பெயர்கள் வந்து சேர்ந்தன

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அப்புறம் ஒரு வாரம் அப்பா கேமராவோடு பண்ருட்டிப் பக்கம் சுற்றினார். வேரோடு சாய்ந்த பலா, முந்திரித் தோப்பு, பக்கத்தில் நிற்கும் உறவுக்காரர்கள். யாருடைய தோப்பு, எந்த ஊர் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிக்காசாவில், அதாவது கணினியில் படங்களை அடுக்கி வைக்கும் கூகுளின் மென்பொருளில், தட்டி வைத்தார். அப்பா இப்போது இல்லை. எனக்குப் படத்தைவிட அந்த வரிகள் பெரிது.

பிக்காசாவை கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. எங்கள் பழைய கணினியில் அது இன்னும் ஓடியது, ஆனால் கணினிக்கே ஆயுசு முடியப் போகிறது. அதனால் அதே வேலையைச் செய்யும் டிஜிகேம் என்ற மென்பொருளுக்கு மாறினேன். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், படங்கள் நம் வட்டிலேயே இருக்கும்.

அப்பா எழுதிய வரிகள் ஒன்றுகூட விடாமல் வந்தன. பிக்காசா அவற்றை ஜேபெக் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. தமிழ் எழுத்தும் உடையவில்லை. திரையில் அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முகங்களுக்கு வைத்த பெயர்கள்தான் வரவில்லை. அவை ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் பிக்காசா.ஐஎன்ஐ என்ற சின்னக் கோப்பில் இருப்பவை. படங்களை நகலெடுத்துத் தந்த கடைக்காரர் படங்களை மட்டும் எடுத்துவிட்டு அதை விட்டுவிட்டார். நல்லவேளை, பழைய வட்டு கையில் இருந்தது. பழைய கணினியிலேயே பிக்காசாவைத் திறந்து, முகப் பெயர்களைப் படத்துக்குள் சேமிக்கும் வசதியை இயக்கி, மறுபடி நகலெடுத்தேன். இந்த முறை டிஜிகேம் முகத்தைச் சுற்றிய கட்டத்தோடு பெயரையும் காட்டியது. மாறுகிறவர்கள் இதை முதலில் செய்துவிடுங்கள். பிக்காசாவில் வெட்டி, நிமிர்த்தி, சேமிக்காமல் விட்ட படங்களையும் அங்கேயே சேமியுங்கள். இல்லையென்றால் புது மென்பொருளில் திருத்தாத படம்தான் தெரியும்.

பிக்காசாவின் எளிமை டிஜிகேமில் இல்லை. பொத்தான்கள் அதிகம், பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது. முதல்முறை எல்லாப் படங்களையும் படித்து முடிக்க என் மடிக்கணினிக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. ஆனால் தெரிந்த முகத்தை வைத்து மற்ற படங்களிலும் அதே ஆள் இருக்கிறாரா என்று தேடிக் காட்டுகிறது. அப்படித்தான் ஒரு சாய்ந்த பலாமரத்தின் பின்னால் அரைகுறையாகத் தெரிந்த பெண்ணுக்கு அத்தையின் பெயரைக் காட்டியது. படத்தை அத்தைக்கு அனுப்பினேன். "நான்தான்டா, உங்கப்பாவுக்கு மோர் எடுத்துட்டு வந்தேன் அன்னிக்கு" என்றார். அதையும் படத்தின் கீழே, அப்பாவின் வரிக்கு அடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.