பள்ளி வேலை வழிகாட்டிக் கண்காட்சி: பதினாறு ஸ்டால், மூன்றில்தான் வேலை இருந்தது

கிருஷ்ணகிரி–தருமபுரி சாலைப் பக்கம் உள்ள அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்று, பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம் ஒருநாள் ‘கேரியர் ஃபேர்’ நடத்தியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சுமார் 600 பிள்ளைகள். மைதானத்தில் ஷாமியானா, பதினாறு ஸ்டால், காலை 9.30 முதல் மாலை 3.30 வரை, கட்டணம் கிடையாது. பத்துக்கு ஆறு மதிப்பெண் போடலாம். அந்த ஆறில் ஐந்தை மூன்றே ஸ்டால்கள் சம்பாதித்துக் கொடுத்தன.

முதல் இடம் ஐடிஐ ஸ்டாலுக்கு. பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, மேசைதான் விஷயம். நான்கு வெர்னியர் காலிப்பர், இரண்டு அரம், ஒரு ஹேக்ஸா, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி அராவிய இரும்புத் துண்டு ஒரு ஜோடி. பயிற்றுநர் பேச்சை வளர்க்காமல் பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. ஒரு பையனுக்கு 26.9 வந்தது, அடுத்த பெண்ணுக்கு 27.1. ஏன் என்று அவர்களையே கேட்டார். ஒருவர் காலிப்பரின் தாடையை அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொருவர் நாணயத்தைச் சாய்வாக வைத்திருந்தார். பூஜ்ஜியப் பிழை, அதாவது தாடை மூடியிருக்கும்போதே அளவு பூஜ்ஜியத்தைக் காட்டாத கோளாறு, இருக்கிறதா என்று இருவருமே பார்க்கவில்லை. பள்ளி லேபில் இருக்கும் வெர்னியர் 0.1 மி.மீ. வரைதான் காட்டும், பட்டறைக் காலிப்பர் 0.02 வரை போகும். பிறகு அந்த இரும்பு ஜோடியைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். இடுக்கில் கோடு மாதிரி வெளிச்சம் கசிந்தால் அராவல் சரியில்லை, மறுபடி உட்கார வேண்டும். ஃபிட்டர் வேலைக்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஒரு மணி நேர உரையில் புரியாது.

விவரமும் சுத்தமாக இருந்தது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன் எல்லாம் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் அப்ரண்டிஸாகப் போகிறவருக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன ஒரே ஸ்டால் இதுதான்.

சொதப்பிய இடமும் இங்கேயே. வெல்டிங் செய்து காட்ட மெஷின் கொண்டுவந்து, மைக் செட்டுக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே செருகினார்கள். 6 ஆம்பியர் பிளக்கும் மெல்லிய ஒயரும் வெல்டிங் லோடைத் தாங்காது. ராடு தொட்டவுடன் டிரிப் ஆனது. அரை மணி நேரம் மைக் இல்லை. அதனால் ஸ்டால்களில் பேசுவது முதல்முறையாகக் காதில் விழுந்தது என்பது வேறு கதை. வெல்டிங் நடக்காமல் போனதும் நல்லதுக்கே. சுற்றி நின்ற நாற்பது பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு வெல்டிங் ஷீல்டு. ஆர்க் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். செய்து காட்டுவதானால் ஷாமியானா துணிக்கு எட்டத்தில், தனி லைன் இழுத்து, மூன்று பக்கமும் தட்டி கட்டி, ஒரு தடவைக்கு எத்தனை ஷீல்டு இருக்கிறதோ அத்தனை பேரை மட்டும் விட வேண்டும்.

இரண்டாவது, பட்டு வளர்ச்சி ஸ்டால். கொதிக்கும் தண்ணீரில் பட்டுக்கூடுகளைப் போட்டு, நுனி நூலைத் தேடி எடுத்து, கையால் சுற்றும் ராட்டையில் ஓட்டினார்கள். ஒரு நல்ல கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழை வரும் என்றதும் கூட்டம் நகரவே இல்லை. தருமபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. பட்டுப்புழு இனங்களைப் பாதுகாக்கும் மத்திய அரசு மையம் ஓசூரில் இருக்கிறது. அப்படியிருந்தும் மல்பெரித் தோட்டத்தைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, இளம்புழு வளர்ப்பு மையம் நடத்துவது ஒரு தொழில், கூட்டைத் தரம் பிரிப்பது ஒரு வேலை, பட்டுப்புழுவியலுக்கென்றே மேட்டுப்பாளையத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது என்பதெல்லாம் புதுச் செய்தி. குறை என்னவென்றால் நஷ்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து இலையில் படிந்தாலோ, புழு வளர்ப்பு மனையைச் சரியாகக் கிருமி நீக்கம் செய்யாமல் விட்டாலோ, ஒரு பேட்ச் முழுக்கப் போய்விடும். அதையும் சொன்னால்தான் அது தொழில் வழிகாட்டல்.

மூன்றாவது மாங்கூழ் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு மேசை. மாம்பழச் சீசன் இல்லாத மாதம் என்பதால் டின்னில் அடைத்த கூழ். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, பிரிக்ஸ் அளவை, அதாவது கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவை, படிக்க வைத்தார்கள். பெங்களூரா என்று நம் பக்கம் சொல்லும் தோத்தாபுரி ரகக் கூழுக்குப் பொதுவாக 14-க்குக் குறையக் கூடாது என்று கேட்பார்கள். கண்ணாடியைத் துடைக்காமல் அடுத்த சொட்டு விட்டால் அளவு மாறிவிடும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பி.எஸ்சி. வேதியியல் படித்தால் வாத்தியார் வேலைதான் என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆலையில் ஆள் எடுப்பது பெரும்பாலும் சீசன் மாதங்களுக்குத்தான், நிரந்தரமாக இருப்பவர்கள் சிலர்தான் என்பதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

மற்ற பதின்மூன்றில் எட்டு, கல்லூரி ஸ்டால்கள். இவை வேலையைக் காட்டவில்லை, சீட்டை விற்றன. துணிப்பை, பேனா, பளபளக்கும் நோட்டீஸ், அதற்குப் பதிலாக அப்பாவின் செல் நம்பர். அந்த நம்பருக்கு ரிசல்ட் வரும்வரை போன் வந்துகொண்டே இருக்கும். அன்றே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி என்றது ஒரு ஸ்டால். பள்ளி வளாகத்துக்குள் இதை அனுமதித்தது பெரிய தவறு. பெற்றோர் கவனிக்க வேண்டியது: கலந்தாய்வு முடியும் முன் பணம் கட்டாதீர்கள், அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்க விதி இடம் கொடுக்கவில்லை, நகல் போதும்.

இடஒதுக்கீடு, உதவித்தொகை விஷயத்தில் தவறான தகவலும் பரவியது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சீட் உண்டு என்று ஒரு ஸ்டாலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது அது. உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. ஆனால் மாதம் ₹1,000 தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இல்லாததைச் சொன்னவர்கள், இருப்பதைச் சொல்லவில்லை.

நர்சிங் ஸ்டால் பரவாயில்லை. பி.எஸ்சி. நான்கு வருடம், ஜிஎன்எம் என்ற டிப்ளமா மூன்று வருடம், இரண்டில் ஒன்றை முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஸ்டாஃப் நர்ஸ். ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ சர்டிபிகேட் அந்தக் கணக்கில் வராது என்று தெளிவாகச் சொன்னார்கள். வங்கி ஸ்டாலும் காவல்துறை ஸ்டாலும் வழக்கமான சொற்பொழிவு.

ஓசூர்ப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒன்றுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியின் ஸ்டாலில்தான் பெண் பிள்ளைகள் கூட்டம் அதிகம். சம்பளம் ₹16,000, ஹாஸ்டல், பஸ் என்று பலகை. பலகைத் தொகை கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் ₹12,000 என்று வைத்தால் பி.எஃப். 12 சதவீதம் ₹1,440, மொத்தத்தில் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் ₹120 போக ₹14,440. கேன்டீன், ஹாஸ்டல் பிடித்தம் இதற்கு மேல். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள்: சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும், நிறுவனமா ஏஜென்சியா? இரவு ஷிப்ட் மாதத்தில் எத்தனை வாரம்? எத்தனை மாத ஒப்பந்தம்? அஞ்சலில் டிகிரி படிக்க ஷிப்ட் ஒத்துவருமா? நாங்கள் பார்த்தவரை ஒரு பிள்ளைகூட இதைக் கேட்கவில்லை. கேட்கச் சொல்லித் தரவில்லை என்பதுதான் உண்மை.

நாள் தேர்வு இன்னொரு கோளாறு. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜனவரி ரொம்பத் தாமதம். சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் முதல் கட்டத்துக்கு விண்ணப்பத் தேதி போய்விட்டது. இவர்களுக்கு ஆகஸ்டில் நடத்த வேண்டும். பத்தாம் வகுப்புக்கு ஜனவரி சரியான மாதம், ஏனென்றால் ஜூனில் குரூப் எடுக்க வேண்டும். உயிரியல் இல்லாமல் எடுத்தால் நீட்டுக்கு அதைக் கூடுதல் பாடமாகத் தனியே எழுதித் தேற வேண்டும்; கணக்கு இல்லாமல் எடுத்தால் பொறியியலில் பெரும்பாலான கதவு மூடும்; காமர்ஸ் எடுத்தால் கணக்குப் பாடம் இல்லாவிட்டாலும் சி.ஏ. திறந்தே இருக்கும். இப்படி ஒரு அட்டவணை நுழைவாயிலிலேயே தொங்கியிருக்க வேண்டும். இருந்ததோ வரவேற்பு பேனர். போதாக்குறைக்குப் பத்தாம் வகுப்பை மூன்று மணிக்குக் கடைசியாக விட்டார்கள். அதற்குள் பாதி ஸ்டால் மூட்டை கட்டிவிட்டது. மலைப் பக்கத்துப் பிள்ளைகளின் கண் நாலு மணி பஸ் மேல்.

நேரக் கணக்கு போட்டிருந்தால் இது வந்திருக்காது. மதிய இடைவேளை போக ஐந்து மணி நேரம், அதாவது 20 நிமிடச் சுற்று பதினைந்து. ஒரு ஸ்டாலுக்கு ஒரு சுற்றில் பத்துப் பேர் என்றால் பதினாறு ஸ்டாலில் மொத்தம் 2,400 வாய்ப்பு. 600 பிள்ளைக்குத் தலைக்கு நான்கு ஸ்டால். முந்தின வாரமே வகுப்பாசிரியர் நான்கு நான்காகத் தேர்ந்தெடுக்கச் சொல்லி டோக்கன் கொடுத்திருக்கலாம். அவிழ்த்துவிட்ட கூட்டமாக விட்டதால், துணிப்பை கொடுத்த ஸ்டாலில் நூறு பேர், கிரானைட் பாலிஷ் கல் வைத்திருந்த ஒரு சின்ன மேசையில் ஈ ஓட்டினார்கள்.

அச்சடித்த தாள்களில் முக்கால்வாசி ஆங்கிலம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நிறைய உள்ள மாவட்டம் இது. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவார்கள்?

அடுத்த வருடம் கல்லூரி ஸ்டாலை மூன்றாகக் குறைத்து, அந்த இடத்தில் ஓசூர் ரோஜா பசுமைக்குடில்காரர், ஜேசிபி மெக்கானிக், கால்நடை மருத்துவர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரை உட்கார வைக்கலாம். ஐடிஐக்கு இரண்டு மேசை ஒதுக்குங்கள். நான்கு காலிப்பர் போதாது, குறைந்தது பத்து வேண்டும்.