அமெரிக்கானோவா, நெக்ரோனியா?

இந்த இரண்டு இத்தாலியக் காக்டெயில்களுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: 30 மி.லி. கம்பாரி (கசப்பான சிவப்பு மதுபானம்), 30 மி.லி. இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்). சோடா சேர்ந்தால் அமெரிக்கானோ, 30 மி.லி. ஜின் சேர்ந்தால் நெக்ரோனி. 1919 வாக்கில் புளோரன்ஸில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு சோடாவுக்குப் பதில் ஜின் கேட்டதில் பிறந்தது என்பார்கள்.

வீட்டில் செய்ய அமெரிக்கானோ சுலபம். உயரமான கிளாஸ், நிறைய ஐஸ், கடைசியில் சில்லென்ற சோடா, லேசாக ஒரு கலக்கு. நெக்ரோனியைப் பெரிய ஐஸ்கட்டிகளோடு அரை நிமிடமாவது கலக்க வேண்டும், குலுக்கினால் கலங்கிவிடும். மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் எண்ணெய் மினுமினுவென மிதக்கும், மணமே தனி.

ஆனால் இந்த மாதிரி அப்பெரிடிவோ, அதாவது சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் பானம், பசியைக் கிளப்பத்தானே? என் ஓட்டு அமெரிக்கானோவுக்கு. நெக்ரோனி இரண்டு உள்ளே போனால் சாப்பாடே மறந்துவிடும். அப்புறம், திறந்த வெர்மூத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒயின் வகை அது, வெளியே இருந்தால் சுவை போய்விடும்.