கடல்மேல் தூசிப்புயல் பார்க்க நாசா வேர்ல்ட்வியூ: சில வருட அனுபவம்

கடலே இல்லாத சேலம் மாவட்டத்தில், அதுவும் ஏற்காட்டு மலைமேல் இருந்துகொண்டு அரபிக்கடல் தூசியைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதற்கு உதவும் நாசா வேர்ல்ட்வியூ என்ற செயற்கைக்கோள் படத் தளம் இலவசம், பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் என்ற படக்கருவியின் படங்கள் 2000-லிருந்தே கிடைக்கின்றன. மலையில் நெட் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் படம் திறக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

குளிர்காலம்தான் எனக்குப் பிடித்த சீசன். ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரையிலிருந்து வடகாற்று அள்ளிவரும் புழுதி, நீலக்கடல்மேல் கோடு கோடாக நீளும். ஜூன், ஜூலையில் அரேபியாவில் தூசி அதிகம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை மேகம் நம் பக்கத்துக் கடலை மூடிவிடும். அப்போது செங்கடலுக்குப் போய்விடுவேன். சூடானின் தோக்கர் பகுதியிலிருந்து கிளம்பும் தூசி அங்கே பளிச்சென்று தெரியும்.

இயல்பு நிறப் படத்தை மட்டும் நம்பக் கூடாது. வெயில் பட்டுக் கடல் வெள்ளியாக மின்னும் இடத்தில் தூசி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் உள்ள ஓம்ப்ஸ் கருவியின் தூசுப்படலக் குறியீட்டைப் போடுங்கள். புற ஊதாக் கதிரை வைத்துக் கணிப்பதால் மேகத்துக்கு மேலிருக்கும் தூசியும் சிக்கும். என்ன, புகையும் அதே நிறத்தில்தான் வரும். காடு எரிகிறதா, பாலைவனம் பறக்கிறதா என்பதை நாம்தான் காற்றின் திசையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

மோடிஸ் ஒரு சுற்றில் 2,330 கிலோமீட்டர் அகலம்தான் பார்க்கும். நம் அட்சரேகையில் நடுவே கருப்பு இடைவெளி விழும். சுவோமி என்பிபியில் உள்ள வியர்ஸ் என்ற படக்கருவி சுமார் 3,000 கிலோமீட்டர் பார்ப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டுமே பகலில் ஓரிரு படம்தான். புயல் நகர்வதைப் பார்க்க, இந்தியப் பெருங்கடல் மேல் நிற்கும் மீட்டியோசாட் என்ற ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோளின் படங்களுக்குப் போகிறேன். 15 நிமிடத்துக்கு ஒன்று, இரவிலும் உண்டு, தூசி இளஞ்சிவப்பாகத் தெரியும். ஈரப்பதம் மிகுந்த கடல்மேல் மெல்லிய தூசியை மட்டும் அது கோட்டை விடும்.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் மங்கலாகத் தெரியும் நாளில் பக்கத்து வீட்டுத் தம்பி, “அண்ணே, இது துபாய் தூசியா?” என்று கேட்பான். படத்தில் அரபிக்கடல் தெளிவாக இருந்தால் துபாயைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்பேன். அதற்குமேல் சொல்ல முடியாது. மேலிருந்து பார்க்கும் படம் மொத்தக் காற்றையும் சேர்த்துத்தான் காட்டும். தூசி தரையோரம் இருக்கிறதா, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா என்பது அதில் தெரியாது.