கடைசித் தவணை கொடுக்கும் முன் கிச்சன் கதவின் கீலைப் பாருங்கள்

போன மாதம் குக்கர் எடுக்கக் குனிந்து கைப்பிடியை இழுத்தேன். கதவு அப்படியே கழன்று காலில் விழுந்தது. மாடுலர் கிச்சன் போட்டு எட்டே மாதம். செலவு 2,85,000 ரூபாய்.

வேலை எடுத்தவரின் பெயர் இங்கே வேண்டாம். கொட்டேஷனில் 'பிராண்டட் சாஃப்ட் குளோஸ் கீல்' (அறையாமல் மெதுவாக மூடும் கீல்) என்று ஒரே வரிதான் இருந்தது. மைக்கா நிறம் பார்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தவள், கீலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், "ஏம்மா, பூரா ஜீரோ கிராங்க். நடுப்பலகையிலயுமா இதைப் போடுவான்?" என்றார்.

அன்றுதான் எனக்கு விஷயமே புரிந்தது. கதவில் 35 மி.மீ. குழி எடுத்து, அதில் கிண்ணம் போல உட்கார வைக்கும் கீல்தான் இப்போது பெரும்பாலான மாடுலர் கிச்சன்களில். அதன் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதுதான் கிராங்க். கதவு பக்கப்பலகையை முழுக்க மூடினால் 0, கை நேராக இருக்கும். ஒரே நடுப்பலகையை இரண்டு பக்கத்துக் கதவுகளும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொண்டால் 8. கதவு பெட்டிக்குள் அடங்கி உட்கார்ந்தால் 16, கை நன்றாக வளைந்திருக்கும். தனித்தனிப் பெட்டியாகச் செய்திருந்தால் 0 மட்டுமே போதும். எங்கள் கிச்சனைப் போட்டவர் பலகையை மிச்சம் பிடிக்க நீளமாக ஒரே பெட்டி அடித்து, நடுவில் 18 மி.மீ. தடுப்பு வைத்துவிட்டார். அங்கே 0 போட்டால் ஒரு கதவே பலகை முழுவதையும் பிடித்துக்கொள்ளும், பக்கத்துக் கதவு எங்கே போகும்?

அதற்கு அவர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள்: கீலைப் பலகையோடு பிடிக்கும் பிளேட்டுக்கு அடியில் 9 மி.மீ. பிளைவுட் துண்டு. ஸ்க்ரூவின் நீளமே 16 மி.மீ. அதில் பாதிக்கு மேல் துண்டுக்குள்ளேயே போய்விட, நடுப்பலகையைப் பிடித்திருந்தது வெறும் 7 மி.மீ. பக்கத்திலேயே சிங்க். ஈரத்தில் துண்டு ஊறி உப்பி, ஸ்க்ரூ பிடி விட்டுவிட்டது.

இதோடு முடியவில்லை. கண்ணுக்கு நேரே இருக்கும் மேல் கதவுகள் நாலில் மட்டும் கம்பெனி பெயர் பொறித்த சாஃப்ட் குளோஸ். கீழே எல்லாம் பெயரில்லாத சாதா ஸ்பிரிங் கீல், கதவை லேசாகத் தள்ளினாலே பட்டென்று அறைகிறது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லிப் போட்டதன் கிண்ணத்தில் காந்தம் வைத்தால் 'டப்'பென்று ஒட்டுகிறது. நிக்கல் பூச்சு போட்ட சாதா இரும்பு. ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே நல்ல ரக ஸ்டீலான 304 என்று நம்பிவிடாதீர்கள், மலிவான ரகமான 202-லும் சரியாக ஒட்டாது. 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எந்தக் கதவுக்கு எந்த கிராங்க், எத்தனை கீல் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் கீழ்க் கதவுகளைக் குனிந்து திறந்து பாருங்கள். நான் நின்றபடியே பார்த்தேன்.

வேலை எடுத்தவருக்குப் போன் செய்தால், "தண்ணி பட்டா எந்தக் கீலும் துருப்பிடிக்கத்தான் செய்யும் மேடம். வாரன்டி மரத்துக்குத்தான்" என்கிறார். சரி, அந்த மரத்தையாவது வந்து பாருங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். மூன்று வெள்ளி போய்விட்டது. கழற்றிய கீல்களும் ஊறிய பிளைவுட் துண்டுகளும் ஒரு கவரில் சிங்க் அடியில் இருக்கின்றன.